ஓடும் ஸ்போர்ட்ஸ் காரில் திடீரென சஸ்பென்ஷன் உடைந்தால்? மதுரைப் பக்கம் வண்டி எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

2011 அக்டோபர் மாதம். கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத் சர்வதேசப் பந்தயத் தளத்தில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். ஃபெராரி அணியின் பிரேசில் வீரர் ஃபெலிப் மாஸா, சனிக்கிழமை நடந்த தகுதிச் சுற்றில் வளைவின் உட்பக்கம் இருந்த ஒரு சின்ன மேட்டில் முன்சக்கரத்தை ஏற்றிவிட்டார். சஸ்பென்ஷன் முறிந்தது. காரைச் சரிசெய்து மறுநாள், அக்டோபர் 30 அன்று, பந்தயத்தில் இறக்கினார்கள். ஏறக்குறைய அதே இடம், அதே மாதிரி மேடு, இந்த முறை மறுபக்கச் சக்கரம். மறுபடியும் முறிவு. மாஸாவின் பந்தயம் அத்தோடு முடிந்தது. பின்வரிசை அணியான ஹெச்.ஆர்.டி.யின் காரை ஓட்டிய நம்ம கோவை நரேன் கார்த்திகேயனோ, அதே தளத்தில் கடைசிவரை ஓடி 17-வது இடத்தில் முடித்தார்.

கோடிக்கணக்கில் செலவழித்து, பெரிய பொறியாளர் படையே உட்கார்ந்து செய்த காரை இரண்டு நாளில் இரண்டு முறை முடக்க ஒரு சின்ன மேடு போதுமானதாக இருந்தது. நொய்டாவிலாவது அந்த மேடு எங்கே இருக்கிறது என்று ஓட்டுநர்களுக்கு முன்கூட்டியே தெரியும். திருமங்கலம் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்துக்குத் திரும்பும் சாலையில், நேற்று ராத்திரி புதிதாக முளைத்த வேகத்தடைக்கு யார் பெயின்ட் அடித்து வைப்பார்கள்?

பெங்களூருவில் இருந்து கன்னியாகுமரி போகிறவர்களுக்கு மதுரை வழியில்தான் இருக்கிறது. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வாடிப்பட்டி, சமயநல்லூர், நாகமலை புதுக்கோட்டை, கப்பலூர் என்று ஊருக்கு மேற்கே சுற்றிக்கொண்டு தெற்கே இறங்குகிறது. நீண்ட வார இறுதி வந்தால் தாழ்ந்த, அகலமான, உறுமலான கார்களை இந்தச் சாலையில் பார்க்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் உண்டு. சாதாரண ஹேட்ச்பேக்கை ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்தி ‘ஸ்போர்ட்ஸ்’ ஆக்கியவர்களும் உண்டு. கீழே சொல்லப்படுபவை எல்லோருக்கும் பொருந்தும்.

வில்வண்டியில் இருந்து 20 இன்ச் வீல் வரை

சஸ்பென்ஷன் நமக்குப் புதிய விஷயம் கிடையாது. பாரம் ஏற்றும் கட்டைவண்டியில் அச்சுக்கும் பலகைக்கும் நடுவே எதுவும் இருக்காது; பள்ளம் நேராக முதுகெலும்புக்கு வரும். வசதியானவர்கள் வைத்திருந்த வில்வண்டியில் இரும்புப் பட்டைகளை அடுக்கி, வில் மாதிரி வளைத்து நடுவே பொருத்தியிருந்தார்கள். லாரிக்காரர்கள் இன்றும் ‘பட்டை’ என்று சொல்வது அதன் வாரிசைத்தான்.

இன்றைய காரில் அந்த வேலையைப் பல பாகங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஸ்பிரிங் எடையைத் தாங்கும். ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் தொடர்ந்து துள்ளாமல் அடக்கும். லோயர் ஆர்ம், அப்பர் ஆர்ம், டை ராட் ஆகியவை சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பிடித்துவைக்கும். ஆர்மையும் சக்கரத்தின் பக்கத்தையும் இணைப்பது பால் ஜாயின்ட். நம் தோள்பட்டை மூட்டு மாதிரி. ஆர்ம் உடலோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ்.

இதில் ஷாக் அப்சார்பர் போனால் கார் ஆடும், பிரேக் தூரம் கூடும். ஆனாலும் சக்கரம் இருக்கிற இடத்தில் இருக்கும். பால் ஜாயின்ட் கழன்றாலோ ஆர்ம் முறிந்தாலோ கதை வேறு. சக்கரம் உள்ளேயோ வெளியேயோ மடிந்துவிடும். ஃபார்முலா ஒன் காரில் அப்படி முறியும் சக்கரம் பறந்துபோகாமல் இருக்க 1990-களின் இறுதியில் இருந்து வலுவான கயிறு கட்டுகிறார்கள். சாலைக் காரில் அந்த வசதி இல்லை.

ஸ்போர்ட்ஸ் கார் ஏன் சீக்கிரம் அடி வாங்குகிறது? விடை டயரிலேயே எழுதியிருக்கிறது. தற்போதைய தலைமுறை போர்ஷே 911 கரேரா எஸ் காரின் முன் டயர் அளவு 245/35. அதாவது அகலம் 245 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் 35 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 86 மி.மீ. ஸ்விஃப்ட்டில் வரும் 185/65 டயருக்கு இது சுமார் 120 மி.மீ. பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது முதலில் அமுங்கிக் கொடுப்பது இந்த ரப்பர் சுவர்தான். அது குறைவாக இருந்தால் மிச்ச அடி ரிம்முக்கும், அங்கிருந்து ஆர்முக்கும் போகும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. 40-ல் ‘டொக்’ என்று கேட்ட அதே பள்ளம் 80-ல் ஆர்மை வளைத்துவிடலாம்.

வேகத்தடைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது

இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவின்படி, பொதுப் போக்குவரத்துக்கான வளைவு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வசதியாக ஏறி இறங்கலாம். ஸ்போர்ட்ஸ் கார்களின் அடிவயிறு பொதுவாகத் தரையில் இருந்து 10 முதல் 13 செ.மீ. உயரத்தில் இருக்கும். அப்படியென்றால் 10 செ.மீ. மேடு உரசுமே? உரசாது. 911-ன் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.45 மீட்டர். மேடு 3.7 மீட்டர் அகலம் என்பதால் நான்கு சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருக்கும்போது, நடுப்பகுதி சக்கரங்களைவிட நாலரை செ.மீ. அளவுக்குத்தான் உயர்ந்திருக்கும். விதிப்படி கட்டிய வேகத்தடையை மெதுவாகப் போகும் ஸ்போர்ட்ஸ் கார் தாராளமாகத் தாண்டும்.

சிக்கல், தெருக்காரர்கள் தாங்களே ஒரு நாளில் போடும் மேடுகளில். ஒரு அடி அகலம், அரை அடி உயரம், செங்குத்தான விளிம்பு. அதன் மேல் எந்த ஸ்போர்ட்ஸ் காரும் முழுசாகத் தாண்டாது. முன் உதடு முதலில் உரசும், பிறகு வயிறு.

நகருக்குள் வேறு தொல்லை. பாதாளச் சாக்கடைக்கும் முல்லைப் பெரியாறு குடிநீர்த் திட்டக் குழாய்க்கும் தோண்டி மூடிய தெருக்களில் ஒட்டுப்போட்ட இடம் மழைக்குப் பின் உள்வாங்குவது மதுரைக்காரர்கள் அறிந்ததே. தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. ஊருக்குத் தெற்கே திருமங்கலம், விருதுநகர் பக்கம் கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் போட்ட சாலை நாளடைவில் அலை அலையாகிவிடும். 100 கி.மீ. வேகத்தில் அந்த அலையில் போனால் சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கி, அடித்தட்டில் முட்டி நிற்கும். பார்க்க வழுவழுப்பான நான்குவழிச் சாலைதான். ஆனாலும் முட்டும்.

பள்ளத்தைத் தவிர்க்கவே முடியாது என்ற நிலை வந்தால் ஒரு சின்ன விஷயம்: அதற்கு முன்பே பிரேக் அடித்து, சக்கரம் இறங்கும் நொடியில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் அழுத்தியபடி இறங்கினால் காரின் மூக்கு ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். ஸ்பிரிங் அமுங்க இடமே இருக்காது.

‘திடீர்’ என்பது பெரும்பாலும் திடீர் அல்ல

2005 மே 29, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். மெக்லாரன் வீரர் கிமி ராய்க்கோனன் முன்னணியில் இருந்தார். பிரேக்கை அழுத்தியபோது சக்கரம் சுழலாமல் தேய்ந்து, முன் டயரில் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. அந்த ஆண்டு விதிப்படி பந்தயத்தின் நடுவே சாதாரணமாக டயர் மாற்ற முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் அதிர்வு கூடியது. கார் குலுங்குவது டிவியில் பார்த்தவர்களுக்கே தெரிந்தது. கடைசிச் சுற்று தொடங்கியதும் முன் சஸ்பென்ஷன் நொறுங்கியது. வெற்றி ஃபெர்னாண்டோ அலோன்சோவுக்குப் போனது. முறிந்தது ஒரு நொடியில். ஆனால் அது முறியப்போகிறது என்று கார் பல சுற்றுகளாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

சாலைக் காரும் இப்படித்தான் பேசும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தும் கார் ஒரு பக்கம் இழுக்கும். மெதுவாகப் பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக் டொக்’ சத்தம் வரும். பால் ஜாயின்ட்டோ ஸ்டெபிலைசர் லிங்க்கோ தளர்ந்திருக்கலாம். 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகும். இது நின்று பார்த்தால் தெரியாது, குனிந்து டார்ச் அடித்தால்தான் தெரியும். ஷாக் அப்சார்பர் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருக்கும். ஏர் சஸ்பென்ஷன் காராக இருந்தால், ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும்.

பெரிய பள்ளத்தில் ஒரு தடவை பலமாக விழுந்த பிறகு, “ஒண்ணும் ஆகல, ஓடுது” என்று தொடர்ந்து ஓட்டுவதுதான் பலர் செய்வது. அன்று விழுந்த சின்ன விரிசல் அடுத்த மாதம் வேறொரு சாதாரணக் குழியில் முழு முறிவாகும். திட்டு வாங்குவது அந்தச் சாதாரணக் குழி.

முறிந்த அந்த நொடியில்

‘டமார்’ என்று சத்தம். ஒரு மூலை கீழே இறங்குகிறது, ஸ்டீயரிங் கோணிக்கொள்கிறது, ரப்பர் கருகும் வாசனை. கால் தானாகவே பிரேக்கை மிதிக்கப் போகும். அதைக் கட்டுப்படுத்துவதுதான் முதல் வேலை. ஓங்கி மிதித்தால் எடை முழுக்க முன்னே பாயும். முறிந்தது முன்சக்கரம் என்றால் அது இன்னும் மடியும்.

இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, கார் இழுக்கும் பக்கத்துக்கு எதிராக, போகிற திசையை மட்டும் நேராக வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரில் இருந்து காலைப் படிப்படியாக எடுங்கள். வளைவில் போகும்போது சட்டென்று காலை எடுத்தால் பின் எஞ்சின் கார்கள் பின்புறத்தை வீசிவிடும். ஹசார்ட் விளக்கு. கார் நேரான பிறகு மெல்ல பிரேக். வேகம் குறையும்வரை மண் ஓரத்தில் இறங்க வேண்டாம். மடிந்த சக்கரம் மண்ணில் குத்தினால் கார் புரளும் ஆபத்து இருக்கிறது.

பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால், முறிந்த ஆர்ம் பிரேக் குழாயைக் கிழித்திருக்கலாம். பெடலைத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள பல கார்களில், அந்த சுவிட்சை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் கார் கட்டுப்பாட்டோடு நிற்கும். உங்கள் கார் அப்படிச் செய்யுமா என்பதை மேனுவலில் இன்றைக்கே பார்த்துவைப்பது நல்லது. ரோட்டில் நின்று படிக்க நேரம் இருக்காது.

நின்ற பிறகு கார் முக்கியம் இல்லை, ஆட்கள்தான் முக்கியம். எல்லோரும் இடதுபக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய்விட வேண்டும். எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். பின்னால் 72 கி.மீ. வேகத்தில் வரும் லாரி அந்த 50 மீட்டரை இரண்டரை நொடியில் கடக்கும். முடிந்தால் இன்னும் தள்ளியே வைக்கலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, காயம் என்றால் 108. உடைந்த சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து போட்டோ எடுக்கிற வேலையை, பின்னால் வரும் வண்டிகளை ஒருவர் பார்த்துக்கொள்ளும்போது மட்டும் செய்யுங்கள்.

‘மெதுவா உருட்டிட்டுப் போயிடலாம்ணே’

அடுத்து ஒரு கூட்டம் கூடும். நல்ல மனசோடுதான் கூடும். கப்பலூர் பக்கமோ மேலூர் பக்கமோ கார் நின்றால் உதவிக்கு ஆள் வராமல் போக மாட்டார்கள். “பத்து கிலோமீட்டர்தான்ணே, மெதுவா உருட்டிட்டுப் போயிடலாம்” என்பார் ஒருவர். “ஜேசிபி இருக்கு தம்பி, சங்கிலி போட்டு இழுத்துருவோம்” என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் கும்பிடு போட்டு மறுக்க வேண்டியதுதான்.

சத்தம் மட்டும் வருகிறது, சக்கரம் நேராக நிற்கிறது, டயர் எங்கும் உரசவில்லை, பிரேக் சரியாக இருக்கிறது என்றால் பக்கத்துப் பெட்ரோல் பங்க்வரை ஆமை வேகத்தில் போகலாம். சக்கரம் சாய்ந்திருந்தாலோ, டயர் வளைவுப் பகுதியில் உரசினாலோ, ஒரு மூலை தாழ்ந்திருந்தாலோ ஒரு மீட்டர்கூட வேண்டாம்.

தூக்க வேண்டியது ஃப்ளாட்பெட் வண்டியில் மட்டும். முன்பக்கத்தை மட்டும் கொக்கியில் தூக்கிப் பின்சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனால், பின்சக்கரத்தால் ஓடும் ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸும் போய்விடும். இழுவைக் கொக்கி பெரும்பாலும் டூல்கிட்டில் தனியாக இருக்கும். பம்பரில் ஒரு மூடியைத் திறந்து திருகிப் பொருத்த வேண்டும். வண்டிக்காரரிடம் போனிலேயே மூன்று விஷயம் கேளுங்கள்: சரிவு குறைந்த ஏற்றுதளமா, மூக்கு உரசாமல் ஏற்ற மரப்பலகை இருக்கிறதா, சுழலாத சக்கரத்தின் கீழே வைக்க உருளைத் தட்டு இருக்கிறதா. ஏற்றியபின் பெல்ட்டை டயரின் மேல் கட்டச் சொல்லுங்கள். ஆர்மில் சங்கிலி போட்டுக் கட்டினால் நல்லா இருந்த மூன்று பக்கமும் வளையும்.

ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிகளின் சர்வீஸ் மையங்கள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, கொச்சி மாதிரி ஊர்களில்தான். மதுரையில் இருந்து சென்னை 450 கி.மீ.க்கு மேல். இன்ஷூரன்ஸோடு வரும் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எத்தனை கி.மீ. வரை இலவசம் என்பதைப் பயணத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பல திட்டங்களில் அருகிலுள்ள பட்டறைவரைதான்.

வெல்டிங் வேண்டாம்

மதுரைப் பட்டறைகளில் கைவேலை தெரிந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. லாரிப் பட்டையையும் டிராக்டர் அச்சையும் உயிர்ப்பிக்கிறவர்கள். பெட்டியில் கிடக்கும் லோயர் ஆர்மைப் பார்த்ததும் “ஒரு வெல்டிங் வச்சா முடிஞ்சுது” என்று தோன்றுவது இயல்பு. இரும்புப் பாகத்தில் அந்த அனுபவம் பலமுறை கைகொடுத்திருக்கும். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்களில் பல ஆர்ம்கள் அலுமினியத்தில் அடித்துச் செய்யப்பட்டு, சூடாக்கிப் பதப்படுத்தப்பட்டவை. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். வெளியே பளபளப்பாக இருக்கும், பலம் இருக்காது. வளைந்ததைச் சூடுகாட்டி நிமிர்த்துவதும் இதே கதைதான். இரும்பு பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். அலுமினியம் விரிசல்விட்டு, பிறகு ஒரேயடியாக முறியும்.

புதுப் பாகம் வெளிநாட்டில் இருந்து வர வாரக்கணக்கில் ஆகலாம். காத்திருக்க வேண்டியதுதான். ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் மாற்றினால் ஒரே அச்சின் இரண்டு பக்கமும் மாற்றுவது முறை. அடிபட்ட பக்கத்தின் வீல் பேரிங், ரிம், ஸ்டீயரிங் ராக் மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட் பார்த்த பிறகு, அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள்.

இன்ஷூரன்ஸ் தருமா?

காரணத்தைப் பொறுத்தது. பள்ளத்திலோ மேட்டிலோ மோதி உடைந்தால் அது விபத்துச் சேதம். ஓன் டேமேஜ் பாலிசியில் கேட்கலாம். தேய்ந்து போய் உடைந்தால் ‘தேய்மானம்’, ‘இயந்திரக் கோளாறு’ என்று நிராகரிக்கப்படும். அதனால்தான் மோதிய இடத்தின் போட்டோ முக்கியம்: பள்ளம், அதன் பக்கத்தில் அளவு தெரிய ஒரு செருப்போ தண்ணீர் பாட்டிலோ, கார் நின்ற இடம், கிலோமீட்டர் கல். வண்டியை நகர்த்தும் முன் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள்.

வழக்கமான பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலை தேய்மானமாகக் கழிக்கப்படும். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கு ஏற்ப. ஜீரோ டெப்ரிசியேஷன் எடுத்திருந்தால் இந்தக் கழிவு பெரும்பாலும் இருக்காது. டயர் மட்டும் தனியாகக் கிழிந்தால் பணம் வராது. காரும் சேர்ந்து சேதமானால் பாதி விலை.

ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தியவர்களுக்குக் கூடுதல் தலைவலி. கம்பெனி வடிவமைத்த அடிப்படை அம்சங்களை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆர்.சி. புத்தகத்திலும் பாலிசியிலும் பதிவாகாத மாற்றத்தை சர்வேயர் பார்த்தால் முதலில் அதைத்தான் குறித்துக்கொள்வார்.

பாலிசி நிபந்தனைகளில் யாரும் படிக்காத ஒரு வரி உண்டு: பழுதைச் சரிசெய்யாமல் வண்டியை ஓட்டினால், அதன் பிறகு கூடுகிற சேதம் முழுக்க உரிமையாளர் தலையில். ஆர்ம் மட்டும் போன காரை அந்த ‘பத்து கிலோமீட்டர்’ உருட்டி, ஷாஃப்ட்டும் பிரேக் குழாயும் ரிம்மும் சேர்ந்து போனால், கம்பெனி ஆர்முக்கான பணத்தைத் தரும். மிச்சத்துக்கான பில் வீட்டுக்கு வரும்.